யானையோடு பாசல் திரும்பிய போல் சரசின்

ஓல்டனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பாசல். பட்டு நாடா உற்பத்தியில் செல்வம் சேர்த்த குடும்பமொன்றில் 1856 டிசம்பர் 11ஆம் திகதி அந்த நகரத்தில் பிறந்தவர் போல் சரசின். சுவிசில் இயற்கைப் பாதுகாப்பைத் தொடக்கி வைத்தவர்களில் முதல் வரிசையில் இவர் பெயர் இருக்கிறது. எமக்கு இவரோடு இன்னொரு கணக்கும் உண்டு. இவர் ஆராய்ச்சி பழகியது இலங்கைத் தீவில்.

மருத்துவமும் விலங்கியலும் படித்த போல், உறவினரான பிரிட்ஸ் சரசினுடன் 1883இல் இலங்கைக்குப் புறப்பட்டார். 1886 வரை காடுகளில் அலைந்தார்கள். விலங்குகளைச் சேகரித்தார்கள். வேடர் மக்களின் உடலை அளந்தார்கள். அவர்களின் மண்டையோடுகளையும் எலும்புகளையும்கூடப் பெட்டிகளில் அடைத்து பாசலுக்குக் கொண்டு வந்தார்கள். செத்தவரின் உறவினர் சம்மதம் என்பது அக்காலக் காலனித்துவ விஞ்ஞானத்தின் கணக்கேட்டில் இல்லாத பத்தி. கூடவே ஒரு யானையும் வந்தது. மிஸ் கும்புக் என்று பெயர். கும்புக் என்றால் சிங்களத்தில் மருத மரம். பாசல் மிருகக்காட்சிச்சாலையின் முதல் யானை அதுதான்.

இன்று அனுமதிப் பத்திரமின்றி அப்படி யாரும் யானை கொண்டு வந்தால் அது குற்றம். அன்று ஊரே திரண்டு பார்க்கும் காட்சி.

ஐம்பதை நெருங்கும் வயதில் போல் வேறு வேலையைக் கையில் எடுத்தார். வாலிஸ் மாநிலத்தில் மொந்தே என்ற ஊருக்கு மேலே, பழங்காலப் பனியாறு சுமந்து வந்து போட்ட பெரிய கருங்கல் ஒன்று இருக்கிறது. 1905இல் அது உடைத்து விற்பதற்காகக் கைமாறியது. சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை; வாங்கியவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் கண்டவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. விஞ்ஞானிகள் எழுதினார்கள், பணம் திரட்டப்பட்டது, கல் மீட்கப்பட்டது. இன்றும் உச்சியில் ஒரு சின்னக் குடிலோடு அங்கேயே நிற்கிறது. இந்த விவகாரத்தின் சூட்டில் 1906இல் இயற்கைப் பாதுகாப்பு ஆணைக்குழு உருவானது. தலைவர் போல் சரசின்.

அடுத்து அவர் செய்தது கணக்காளனான எனக்கு மிகவும் பிடித்தது. தேசியப் பூங்கா ஒன்றுக்குக் குத்தகைப் பணம் வேண்டும். பெரிய பணக்காரரைத் தேடி மட்டும் போகாமல், 1909இல் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு பிராங் சந்தாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய புரோ நத்தூரா அதுதான். எங்கடின் பள்ளத்தாக்கில் 1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி பூங்கா பிறந்தது. அங்கே வேட்டை இல்லை, மரம் வெட்டுவது இல்லை, ஒரு பூப் பறிப்பதும் குற்றம்.

எல்லை தாண்டியும் யோசித்தார். திமிங்கில வேட்டை, தொப்பிக்காகப் பறவைகளைக் கொல்லும் இறகு வியாபாரம், இவற்றை ஒரு நாடு தனித்து நிறுத்த முடியாது என்று கண்டார். 1913 நவம்பரில் பேர்ணில் 17 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் ஆலோசனைக் குழுவுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே உலகப் போர். குழு எழும்பவேயில்லை. 1929இல் லுகானோவில் அவர் இறந்தார். 1973இல் வாஷிங்டனில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இப்போது அதன் செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது.

அந்த உடன்படிக்கை எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் வரும். ஊரில் ஆசையாய்க் கொடுத்துவிடும் யானைமுடி மோதிரம், புலிநகப் பதக்கம், பவளப்பாறைத் துண்டு, நட்சத்திர ஆமை எல்லாம் அதற்குள் அடங்கும். குளோட்டன் விமான நிலையச் சுங்கத்தில் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில், ஓல்டனில் ஆரேயோடு கலக்கும் டூனர்ன் ஆற்றின் மேல் ஒருநாள் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதந்ததைக் கண்டேன். டீசல் மணம். பொலிஸுக்கு எடுத்தால் எனது பத்திரத்தைக் கேட்பார்களோ என்ற பயத்தில் வீட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது நாயோடு நடந்து வந்த ஒரு வயோதிபப் பெண்மணி தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

117. அவ்வளவுதான். ஆற்றில் எண்ணெயோ நுரையோ செத்த மீனோ கண்டால் இடம், நேரம், நிறம், மணம் சொன்னால் போதும். முடிந்தால் ஒரு படம். தண்ணீரைத் தொட வேண்டாம், செய்தவரோடு சண்டைக்கும் போக வேண்டாம். யார் செய்தது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. மீதமான பெயிண்டை வீதி வடிகாலில் ஊற்றுவதும், குப்பையைத் தோட்டத்தில் எரிப்பதும் இங்கே தண்டனைக்குரியவை. எம்மவர் கடைகளின் பொரித்த எண்ணெய்க்கும் அதே சட்டம்தான்.