குட்இயரின் ஐந்தொகை

ரயர் மாற்றப் போனால் கடைக்காரர் சொல்லும் நாலைந்து பெயர்களில் ஒன்று குட்இயர். அந்தப் பெயருக்குரிய சாள்ஸ் குட்இயர் மோட்டார் வாகனம் எதையும் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கொம்பனியில் அவருக்கு ஒரு பங்கும் இருந்ததில்லை. ஆனாலும் எங்கள் கார்களைத் தாங்கி நிற்கும் இறப்பர் அவர் கண்ட வழியில்தான் பதப்படுத்தப்படுகிறது. நியூ ஜேர்சியில் இருக்கும் எங்களுக்கு அவர் இன்னும் கொஞ்சம் கிட்ட. அவருடைய மிகப் பெரிய வழக்கு ட்ரென்ரனில்தான் நடந்தது.

1800 டிசெம்பர் 29 அன்று கனெக்ரிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். 1826 இல் பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் கடை திறந்தார். சில ஆண்டுகளில் கடை முறிந்தது. கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போடும் காலம் அது. அதன்பின் சிறை வாசல் அவருக்குப் பழகிய இடமாகிவிட்டது.

1834 இல் நியூ யோர்க்கில் ஒரு இறப்பர் கடையில் மிதவை அங்கி ஒன்றைப் பார்த்தார். அதன் வால்வைத் திருத்திச் செய்துகொண்டு மறுபடி போனார். வால்வு நல்லதுதான், இறப்பர்தான் உதவாது என்று கடைக்காரர் கையை விரித்தார். அன்றைய இறப்பர் கோடையில் உருகி ஒட்டும், நாறும். பனிக்காலத்தில் விறைத்து வெடிக்கும். விற்ற பொருட்களெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

இரசாயனம் படிக்காத, கையில் காசில்லாத இந்த மனிதர் அதைத் தீர்க்கக் கிளம்பினார். சிறைக்குள்ளேயே மனைவி கிளரிசாவிடம் இறப்பரும் மா உருட்டும் கட்டையும் கேட்டு வாங்கிப் பிசைந்தார். மக்னீசியா, சுண்ணாம்பு, நைத்திரிக் அமிலம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். அரசாங்கத்துக்குத் தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்பந்தம் கிடைத்தது. பைகள் வெயிலில் கூழாகின. நதானியேல் ஹேவார்ட் என்பவர் கந்தகம் சேர்த்துப் பார்த்திருந்தார். அந்த உரிமையையும் குட்இயர் வாங்கினார். 1839 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் வோபர்னில் கந்தகம் கலந்த இறப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. அது உருகவில்லை, தோல்போலக் கருகியது. ஓரத்தில் மட்டும் வளைந்து நிமிரும் நல்ல இறப்பர் இருந்தது.

நடந்தது இதுதான். இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். கந்தகம் அவற்றுக்கிடையே பாலம் போட்டுவிடுகிறது. போட்ட பாலத்தை இலகுவில் பிரிக்க முடியாது. அதனால்தான் கல்லில் உரசிய அலோய் றிம்மைத் தேய்த்துப் பூசிப் புதிதாக்கலாம், தேய்ந்த ரயரை உருக்கித் திரும்ப வார்க்க முடியாது. பாலம் போட்ட இறப்பரும் வருடக்கணக்கில் இறுகி வெடிக்கும். ஆகவே ‘புது’ ரயர் வாங்கும்போதும் அதன் பக்கத்தில் டிஓரி என்று தொடங்கும் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 0823 என்றால் 2023 ஆம் ஆண்டின் எட்டாவது வாரம் செய்தது.

காப்புரிமை 1844 யூன் 15 அன்றுதான் கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக் அமெரிக்க மாதிரிகளைப் பார்த்துவிட்டுத் தன் பெயரில் பதிந்துகொண்டார். 1855 இல் அந்நாட்டு நீதிமன்றமும் ஹான்கொக் பக்கமே நின்றது. உள்நாட்டில் நியூ பிறன்ஸ்விக்கில் தொழிற்சாலை நடத்திய ஹொறஸ் டே உரிமையை மீறுவதாக வழக்குப் போட்டார்கள். 1852 மார்ச்சில் ட்ரென்ரனில் குட்இயருக்காக வாதாடியவர், அப்போது வெளியுறவுச் செயலாளராக இருந்த டானியல் வெப்ஸ்ரர். அவருடைய கட்டணம் 15,000 டொலர் என்று சொல்லப்படுகிறது. வழக்கு வென்றது. ஆனால் உரிமங்களைக் குட்இயர் முன்பே மலிவாகக் கொடுத்திருந்தார். பணம் பார்த்தவர்கள் செருப்பும் துணியும் செய்தவர்கள்.

வந்த பணத்தையும் இலண்டன், பரிஸ் கண்காட்சிகளில் இறப்பர்க் கதிரை, இறப்பர் மேசை என்று கொட்டினார். 1855 இல் பரிஸ் கடன்காரர் சிறையில் இருக்கும்போதுதான் பிரெஞ்சுப் பேரரசரின் கௌரவப் பதக்கம் அவர் கைக்கு வந்தது. 1860 யூலை 1 அன்று நியூ யோர்க்கில் இறந்தபோது கடன் ஏறத்தாழ 200,000 டொலர்.

இவரை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். கணக்கு எழுதுகிற எனக்கு அந்தக் கதை ஒருபக்கப் பதிவாகவே தெரிகிறது. பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். காசுக்காகப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள்கூட விற்கப்பட்டன. கிளரிசா 1853 இல் கண்மூடினார். கடன் கொடுத்தவர்களின் பெயர்களாவது பேரேட்டில் இருந்தன. இவர்களுடையது அதில் ஏறவே இல்லை. வெறுங்கையோடு வந்து முதலிலிருந்து தொடங்கிய எங்கள் வீடுகளிலும், ஒருவர் கடை போட மற்றவர் இரண்டு வேலை செய்த கணக்கு எங்கும் எழுதப்பட்டிருக்காது. குட்இயரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இல்லாவிட்டால் பிறகு களுத்துறையிலும் கேகாலையிலும் மலாயாவிலும் எங்கள் மக்கள் பால் வெட்டிய இறப்பர்த் தோட்டங்களே இருந்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு கணக்கு.

பிற்காலத்தில் உரிமத் தொகை வந்து குடும்பம் ஓரளவு நிமிர்ந்தது. மகன் சாள்ஸ் சப்பாத்துத் தைக்கும் இயந்திரத் தொழிலில் பெயர் எடுத்தார். விலையுயர்ந்த சப்பாத்துகளில் குட்இயர் வெல்ட் என்பார்களே, அது இந்த மகனின் பெயர். ரயர்க் கொம்பனியை 1898 இல் ஒகாயோவின் அக்ரனில் தொடங்கிய பிராங் சைபர்லிங், குட்இயர் குடும்பத்துக்கு எந்த உறவுமில்லாதவர். மரியாதைக்குப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலைக் கட்டடத்துக்கு அவர் கட்டிய முற்பணம், மைத்துனரிடம் கடன் வாங்கிய 3,500 டொலர்.