மூளையிலே மனத்தைத் தேடிய வைத்தியர்: வைல்டர் பென்பீல்ட்

மனமும் மூளையும் ஒன்றா, இரண்டா என்னும் வினா மிகப் பழையது. தருக்கத்தாலும் நூலறிவாலும் இதற்கு விடை கூற முயன்றோர் பலர். ஆயின், விழித்திருக்கும் மனிதரின் மூளையைக் கண்ணெதிரே கண்டு, அவரோடு பேசிக்கொண்டே விடை தேடியவர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் கனடா தேசத்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்பீல்ட் ஆவார். அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பென்பீல்ட் 1891ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள ஸ்போகேன் நகரிற் பிறந்தார். தந்தையாரும் பாட்டனாரும் வைத்தியர்கள். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கற்றபின், றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்றார். அங்கே நரம்பியற் பேராசானாகிய செரிங்ரனிடம் பயின்றமையே அவர் வாழ்வின் திசையை வகுத்தது. 1916இல் அவர் பயணஞ் செய்த சசெக்ஸ் என்னும் கப்பலை ஜேர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. காயமுற்றாரேனும் உயிர் தப்பினார். 1918இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் நியூயோர்க்கிற் பணியாற்றி, 1928இல் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார்.

அவ்வாண்டிலேயே அவருக்குப் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. அவருடைய தமக்கையார் றூத் நெடுங்காலமாக வலிப்பினால் வருந்தியவர். மூளையின் முன்பாகத்தில், வலப்புறத்தே, கட்டியொன்று வளர்ந்திருப்பது தெரியவந்தது. உடன்பிறந்தாளின் தலையைத் தாமே திறப்பதா என்னும் தயக்கம் எவருக்கும் எழும். எனினும் பென்பீல்ட் கத்தியைக் கையிலெடுத்தார். வலப்புற முன்மூளையின் பெரும்பகுதியை அகற்ற வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் கட்டி முழுவதையும் நீக்க இயலவில்லை.

றூத் பிழைத்தெழுந்தார். அன்பும் நினைவும் பேச்சும் முன்போலவே இருந்தன. பின்னொரு நாள் தம்பிக்கும் தம் வீட்டார் நால்வருக்கும் இராப்போசனம் ஆக்க முற்பட்டார். நாள் முழுவதும் அவகாசம் இருந்தது. பண்டங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆயினும் எதை முன் செய்வது, எதைப் பின் செய்வது என்று ஒழுங்குபடுத்த மாட்டாமற் கலங்கி நின்றார். பென்பீல்ட் இதனைக் கூர்ந்து நோக்கினார். தமக்கையின் இயல்பு அழியவில்லை; ஆனால் திட்டமிடும் ஆற்றல் வெட்டியெடுத்த பகுதியோடு போய்விட்டது. கட்டி மீண்டும் வளர்ந்து, 1931இல் றூத் இறந்தார். தமக்கையின் நோயையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு 1935இல் சக வைத்தியர் ஒருவருடன் கட்டுரை வெளியிட்டார். துயரத்தை அறிவாக மாற்றிய செயல் அது.

1934இல் றொக்கபெல்லர் நிதியத்தின் உதவியோடு மொன்றியல் நரம்பியல் நிலையத்தை நிறுவி, 1960வரை அதனை நடத்தினார். வலிப்பு நோயாளரின் மண்டையோட்டைத் திறக்கும்போது அவரை மயக்கத்தில் ஆழ்த்துவதில்லை. தோலை மாத்திரம் மரக்கச் செய்வார். மூளைக்குத் தன்னளவில் நோவில்லை. மெல்லிய மின்னோட்டத்தால் இடந்தோறும் தொட்டு, நோயாளர் உணர்வதைக் கேட்டறிவார். பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களைக் காத்து, நோய்க்குக் காரணமான பகுதியை மட்டும் நீக்குவதே நோக்கம்.

இச்சோதனைகளிற் கண்டவை வியப்புக்குரியன. ஓரிடத்தைத் தொட்டால் கை தானே அசையும். நோயாளரோ, அதைத் தாம் அசைக்கவில்லை, வைத்தியரே அசைத்தார் என்பர். பொட்டுப்புற மூளையைத் தொட்டபோது சிலர் பழைய பாட்டைக் கேட்டனர். சிலர் கடந்தகால நிகழ்ச்சியை மறுபடி கண்டனர். 1963இல் வெளிவந்த கணக்கின்படி, அப்பகுதி சோதிக்கப்பட்ட 520 பேருள் 40 பேரிடமே இது நிகழ்ந்தது.

ஆனால் மின்னூசி எங்கே தொட்டும் ஒருவரை ஒன்றை நம்பவோ, தீர்மானிக்கவோ செய்ததைப் பென்பீல்ட் கண்டிலர். கை அசைந்ததைக் கண்டு, இது தம் செயலன்று என்று அறிந்த ஒன்று உள்ளே இருந்தது. அஃது எங்கே உள்ளது? மனத்தை மூளையைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று ஆயுள் முழுதும் முயன்றவர், 1975இல் வெளியிட்ட நூலில், மனமும் மூளையும் இரண்டெனக் கொள்வதே தமக்கு எளிதாகத் தோன்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதனை நிரூபித்துவிட்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. 1976 ஏப்பிரல் 5ஆம் நாள் மொன்றியலிற் காலமானார்.

இவ்விடத்தில் நாம் அவசரப்படலாகாது. மேனாட்டு விஞ்ஞானியே ஆன்மாவை ஒப்புக்கொண்டார் என்று மேடையில் முழங்குவது எளிது. உண்மைக்கு அது பொருந்தாது. மூளை விஞ்ஞானிகளிற் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. 2009இல் பிரான்சு தேசத்து ஆய்வாளர் மூளையின் வேறோரிடத்தை மின்னோட்டத்தால் தூண்டியபோது, கையை அசைக்க வேண்டும் என்னும் விருப்பமே நோயாளரிடம் எழுந்தது. பென்பீல்ட் காணாததை அவர்கள் கண்டனர்.

இதனாற் சைவ வாலிபர் கலங்க வேண்டுவதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையிலிருந்து தோன்றிய சடப் பொருள்களே என்றும், அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவது ஆன்மா என்றும் நமது சித்தாந்தம் கூறுகின்றது. ஆகவே நினைவும் விருப்பமும் மூளையோடு பிணைந்தவை என்று விஞ்ஞானம் காட்டினால் நமக்கு இழப்பில்லை. அறிபவன் யார் என்னும் கேள்வியே நம்முடையது. அக்கேள்விக்கு மின்னூசி இன்னும் விடை தரவில்லை. மேடைப் பேச்சும் விடை தராது.

பென்பீல்டிடம் நாம் கற்க வேண்டியது அவர் முடிவையன்று, அவர் நேர்மையையே. தாம் விரும்பிய கொள்கையைக் கண்ட உண்மை தடுத்தபோது, கொள்கையை விட்டு உண்மையோடு நின்றார். தெரிந்ததையும் தெரியாததையும் வேறு பிரித்துச் சொன்னார். சமயம் கற்கும் இளைஞருக்கும் விஞ்ஞானம் கற்கும் இளைஞருக்கும் இஃது ஒன்றே அணிகலன்.