ஆட்டக்களத்து நாயகர் வி. பி. சத்தியன்

சிறு வயதில் பெரிதாகத் தெரிந்தவை வளர்ந்தபின் சிறிதாகத் தோன்றுவது இயல்பு. ஊர்க் கோயிலின் கோபுரமும், பள்ளிக்கூடத்து மைதானமும், தலைமையாசிரியரின் பிரம்பும் இந்த விதிக்கு உட்பட்டவையே. பந்தாட்டக் குழுக்களும் இதற்கு விலக்கல்ல. திருவனந்தபுரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமேனும் கேரளா போலீஸ் கால்பந்துக் குழுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலரும். பதினோரு பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இன்றும் அக்குழு இருக்கிறது. கேரள மாநில அளவிலான போட்டிகளில் ஆடுகிறது. ஆனால் நம் விடுதி மாணவரில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

பெரியவர்களின் நினைவுதான் அக்குழுவை ஊதிப் பெரிதாக்கிக் காட்டுகிறதா? அல்லது மெய்யாகவே அது அவ்வளவு பெரிதாக இருந்ததா? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் நாம் ஒரு மனிதரின் வாழ்க்கைக்கு வந்து சேர்கிறோம். அவர் வளர்ந்தபோது அக்குழு வளர்ந்தது. அதன் புகழ் உச்சியில் இருந்தபோது அவரும் உச்சியில் இருந்தார். அவரே வி. பி. சத்தியன்.

இளமை

வட கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த சொக்லி என்னும் ஊர்ப்பக்கம் மேக்குன்னு என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சத்தியன் பிறந்தார். கண்ணூர் கைத்தறிக்குப் பேர் போன நாடு. அதைப் போலவே பந்துக்கும் பேர் போனது. லக்கி ஸ்டார், பிரதர்ஸ், ஸ்பிரிட்டட் யூத்ஸ் முதலிய உள்ளூர்க் கிளப்புகள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரரை வளர்த்தன. அக்காலத்தில் கண்ணூருக்கு ஸ்ரீநாராயணக் கோப்பை, கோழிக்கோட்டுக்கு நாக்ஜி கோப்பை, திருச்சூருக்குச் சாக்கோளா கோப்பை, கோட்டயத்துக்கு மாம்மன் மாப்பிள்ளைக் கோப்பை, திருவனந்தபுரத்துக்கு ஜி. வி. ராஜா கோப்பை என்று பெரிய ஊர்தோறும் ஒரு பந்தாட்டத் திருவிழா இருந்தது. தொலைக்காட்சி இல்லாத சிற்றூர்ப் பையனுக்கு இத்திருவிழாக்களே உலகம். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கோவாவிலிருந்தும் வரும் வீரர்களை அவன் கண்ணால் காண்பது அப்போதுதான்.

இந்தச் சூழலில் வளர்ந்த சத்தியன் லக்கி ஸ்டார் கிளப்பின் வழியாக வெளிச்சத்துக்கு வந்தார். அவர் பின்வரிசையைக் காப்பவர். கோல் போடுகிறவன் பெயரைக் கூட்டம் கூவும். கோல் விழாமல் தடுக்கிறவனைக் கூர்ந்து பார்ப்பவரே அறிவர். உயர எழும்பித் தலையால் பந்தைத் திருப்பி அனுப்புவதிலும், எதிரியின் காலிலிருந்து பந்தை முறையாகக் கவர்வதிலும், இளைஞர் பத்துப் பேரைத் தம் குரலாலேயே ஓரணியாக நிறுத்துவதிலும் அவர் வல்லவர். பிற்காலத்தில் கேரளம் முழுவதும் அவரைக் கேப்டன் என்றே அழைத்ததற்குக் காரணம் இதுவே. 1985இல், இருபது வயதிலேயே, அவர் இந்தியக் குழுவில் இடம் பெற்றார். மறு ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகரில் நடந்த ஆசிய விளையாட்டிலும் இந்தியக் குழுவில் இருந்தார்.

போலீஸ் குழு

1980களின் நடுவில் கேரளப் போலீஸ் இலாகா ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. மாநிலத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, வேலை கொடுத்து, ஒரே குழுவில் சேர்த்தது. அன்றைய ஏழை ஆட்டக்காரனுக்கு இதன் பொருள் என்ன என்பதை நாம் உணர வேண்டும். பந்தாட்டத்தில் பணம் இல்லாத காலம் அது. கால் நன்றாக இருக்கும் வரை கைதட்டல். அதற்குப் பிறகு பட்டினி என்ற நிலை. போலீஸ் வேலையோ மாதம் தவறாத சம்பளம், ஆட்டம் முடிந்தபின்னும் தொடரும் உத்தியோகம், முதுமைக்குப் பென்ஷன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாகிய ஐ. எம். விஜயன் இந்த வழியில் வந்து இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர் ஆனார். 2025இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

சத்தியனோடும் விஜயனோடும் சி. வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, தோபியாஸ், கோல் காப்பாளர் கே. டி. சாக்கோ முதலியோர் அக்குழுவில் சேர்ந்தனர். இலாகாவின் தலைமை அலுவலகம் இருப்பது இந்தத் திருவனந்தபுரத்தில். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பாளையத்துச் சந்திரசேகரன் நாயர் மைதானம் இலாகாவுக்கே உரியது. டைட்டானியம் தொழிற்சாலைக் குழு, திருவாங்கூர் ஸ்டேட் பாங்குக் குழு என்று தலைநகரில் வேறு நல்ல குழுக்களும் இருந்தன. ஆயினும் போலீஸ் குழு எட்டிய உயரத்தை வேறு எதுவும் எட்டவில்லை.

அந்த உயரத்தை அளக்க ஒரு கோல் உண்டு. இந்தியக் கிளப்புகளுக்கான பெடரேஷன் கோப்பை 1977இல் தொடங்கியது. முதல் பதின்மூன்று ஆண்டுகளில் கேரளத்துக் குழு எதுவும் அதனைத் தொட்டதில்லை. 1990இல் திருச்சூரில் நடந்த இறுதியாட்டத்தில் கேரளா போலீஸ் கோவாவின் சல்காவ்கர் குழுவை 2க்கு 1 என்று வென்றது. மறு ஆண்டு கண்ணூரில், சத்தியன் பிறந்த மாவட்டத்திலேயே, பம்பாயின் மஹிந்திரா குழுவை 2க்கு 0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக் கொண்டது. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் ஆண்ட உலகில், காக்கி உடை அணிந்த மலையாள இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் அரசோச்சினர். 2017இல் அந்தக் கோப்பைப் போட்டியே நின்றுபோகும் வரை கேரளத்திலிருந்து வேறெந்தக் குழுவும் அதனை வென்றதில்லை. ஆகவே பெரியவர்களின் நினைவு பொய் சொல்லவில்லை. குழு மெய்யாகவே அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது.

கோவையும் சென்னையும்

சத்தியனின் வாழ்க்கையில் நம் தமிழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலில் வென்றது 1973இல். அதன்பின் நெடுங்காலம் அது கைக்கு எட்டவில்லை. அதிலும் கொடுமை, 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு முறை இறுதியாட்டம் வரை சென்று நான்கு முறையும் தோற்றது. கடைசித் தோல்வி சொந்த மண்ணாகிய பாலக்காட்டில். கேரளத்துக்கு இறுதியாட்டம் ராசியில்லை என்று பேசத் தொடங்கினர்.

1992இல் போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. கேப்டன் சத்தியன். வாளையாரைத் தாண்டினால் கேரளம் என்னும்படியான ஊர் அது. மலையாள ரசிகர்கள் மைதானத்தில் திரண்டனர். இறுதியில் எதிர்ப்பட்டது கோவா. நான்கு ஆண்டுத் தோல்விகளின் பாரத்தை இறக்கி வைத்தது போலக் கேரளம் 3க்கு 0 என்று வென்றது. கேரளத்தின் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு தமிழ் மண்ணில் முடிவுற்றது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1995 டிசம்பரில், சென்னையில் தெற்காசிய விளையாட்டுக்கள் நடந்தன. இந்தியக் கால்பந்துக் குழுவின் கேப்டனும் சத்தியனே. இறுதியாட்டத்தில் வங்காளதேசத்தை 1க்கு 0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. சொக்லிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவருக்கு முப்பதாவது வயதில் இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்?

இடையில் சிறிது காலம் அவர் கல்கத்தாவில் மோகன் பாகானுக்கும் ஆடினார். 1990களின் நடுவில் கேரளா போலீஸை விட்டு, சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். நாம் படிப்புக்காகத் தெற்கே வந்தோம். அவர் பிழைப்புக்காக வடக்கே சென்றார். சென்னையிலேயே குடியமர்ந்து, அவ்வங்கிக் குழுவின் ஆட்டக்காரராகவும் பின்பு பயிற்சியாளராகவும் விளங்கினார். இந்தியக் குழுவின் துணைப் பயிற்சியாளராகவும் பணி செய்தார்.

குழு ஏன் சிறுத்தது?

1996இல் தேசிய லீக் பிறந்தது. மறு ஆண்டு கொச்சியில் எப்.சி. கொச்சின் என்ற தொழில்முறைக் கிளப் எழுந்து, அந்த ஆண்டே டூரண்ட் கோப்பையை வென்று நாட்டை வியப்பில் ஆழ்த்தியது. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் லட்சக் கணக்கில் பேசப்பட்டது. சர்க்கார் இலாகாவோ தன் சம்பள விகிதத்தை மீற முடியாது. வெளிநாட்டு ஆட்டக்காரரைக் கொண்டு வரவும் முடியாது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் வெளியேறினர். ஊர்க் கோப்பைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கோழிக்கோட்டு நாக்ஜி கோப்பை 1995க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, 2016இல் ஒருமுறை விழித்தது. திருவாங்கூர் ஸ்டேட் பாங்கு 2017இல் ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியாவோடு இணைந்ததால் அந்தப் பெயரே மறைந்தது. புதிதாக வந்த எப்.சி. கொச்சினோ சில ஆண்டுகளிலேயே பணமின்றி மூடப்பட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. ரஹீம் என்னும் பெரும் பயிற்சியாளரின் கீழ் ஹைதராபாத் நகரப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்குழுவின் பெயரை இன்று சரித்திரப் பிரியர்களே அறிவர். இங்கிலாந்தில் 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நாட்டிங்காம் பாரஸ்ட், 2005இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிற்று. அங்கே கீழே விழுந்தவர் மீண்டும் ஏறி வர ஏணி உண்டு. 2022இல் அக்குழு முதற்பிரிவுக்குத் திரும்பிவிட்டது. நம் இலாகாக் குழுக்களுக்கு அந்த ஏணி இல்லாமற் போயிற்று.

மறைவு

ஆடுகளத்தைவிட்டு இறங்கிய பிறகு சத்தியனின் நாட்கள் எளிதாக இல்லை. ஆண்டுக் கணக்கில் தாங்கிய காயங்கள் அவர் காலை விடாமல் வருத்தின. பழைய ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. 2006ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், சென்னைப் பல்லாவரத்தில், நாற்பத்தொன்றாம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கேரளம் அதிர்ந்தது. ஒரு மனிதரின் உள்ளத்தில் நடந்ததை வெளியே நிற்கும் நாம் ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது; அப்படி அடக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ஆனால் ஒன்று சொல்லலாம். தம் முன் நின்ற பத்துப் பேருக்கும் பின்னால் காவலாக நின்றவர் அவர். தமக்குத் துயர் வந்தபோது அவருக்குப் பின்னால் காவல் நிற்க வேண்டிய கடமை ஆட்டத்தை ரசித்த நாட்டுக்கு இருந்தது.

2018இல் அவர் வாழ்க்கை, கேப்டன் என்ற பெயரில் மலையாளத் திரைப்படமாக வந்தது. பிரஜேஷ் சென் இயக்க, ஜெயசூர்யா சத்தியனாக நடித்து அவ்வாண்டு கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அதன்பின் பிறந்த ரசிகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது அந்தப் படமே. மறதியை வெல்ல ஒரு திரைப்படம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

நமக்குரிய பாடம்

மாணவ நண்பர்களே, சத்தியனின் வாழ்க்கை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது.

ஒரு குழுவைப் பெரிதாக்குவது கோப்பை மட்டுமன்று. ஏழை வீட்டுப் பையனுக்கு வேலையும், ஊருக்கு ஒரு திருவிழாவும், ரசிகனுக்குத் தன் பக்கத்துத் தெரு ஆள் ஆடுகிறான் என்ற உரிமையும் சேர்ந்தே கேரளா போலீஸைப் பெரிதாக்கின. இன்று கொச்சியில் பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். நம் நகரத்தின் பெயரைத் தாங்கிய கொம்பன்ஸ் என்ற புதிய குழு 2024இல் அதே சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஆடத் தொடங்கியது. கூட்டம் குறையவில்லை, பணமும் குறையவில்லை. ஆடும் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தபின் என்ன வழி என்ற பழைய கேள்விக்குத்தான் புதிய விடை இன்னும் தேவை.

மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. வெளியூரில் வந்து வாழும் நமக்கு விடுதித் தோழர்களே சுற்றம். பரீட்சையில் முதல்வனாக நிற்பவனும், மேடையில் சிரிக்க வைப்பவனும், பந்தில் சூரனாக இருப்பவனும் உள்ளூர வாடக்கூடும். வலிமையானவனுக்குத் துணை வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அறைக் கதவைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை.

பாளையத்தில் போலீஸ் குழு ஆடும் நாள் வந்தால், கூட்டம் குறைவென்று பாராமல் ஒருமுறை சென்று பாருங்கள். பின்வரிசையில் நின்று, குரல் கொடுத்து, எல்லோரையும் ஒழுங்குபடுத்தும் இளைஞன் ஒருவன் அங்கேயும் இருப்பான். அவனுக்காகவும் கை தட்டுங்கள்.