மண்கலத்தில் ஒரு மென்சவ்வு

செருமனியின் காசல் நகருக்கு அருகிலுள்ள கிரெபென்ஸ்டைன் என்னும் ஊரில், மருந்தாளுநர் ஒருவரின் மகனாக 1845ஆம் ஆண்டு பிறந்தார் வில்லெம் பெஃபர். இளமையில் தந்தையின் மருந்துக்கடையில் தொழில் பயின்றதால், நிறுப்பதிலும் கரைப்பதிலும் அவர் கை தேர்ந்தது. இருபதாம் அகவையில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், அவர் உள்ளம் தாவரங்களையே நாடியது.

தொட்டாற்சிணுங்கியின் இலை தொட்டவுடன் மடிவது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். இலைக்காம்பின் அடியிலுள்ள செல்கள் நீரை இழப்பதே அதற்குக் காரணம். அவ்வாறாயின், நீரை ஈர்த்துச் செல்லை விறைப்பாக வைத்திருக்கும் அழுத்தம் எவ்வளவு? நுண்ணிய செல்லுக்குள் அழுத்தமானியைச் செலுத்த இயலாது. ஆகவே, செல்லைப் போன்றதொரு கருவியைத் தாமே படைக்கத் துணிந்தார்.

நீரைப் புகவிட்டுக் கரைபொருள்கள் சிலவற்றைத் தடுக்கும் செயற்கைச் சவ்வை மோரிட்ஸ் டிராபே 1867இல் உருவாக்கியிருந்தார். ஆனால், அது மிக மெல்லியது. அழுத்தம் மிகுந்தால் கிழிந்துவிடும். தடிமனாக்கினால் நீர் கடப்பது தாமதமாகும். மென்மையும் வேண்டும்; வலிமையும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பொருளில் தேடாமல், இரு பொருள்களை இணைத்தார் பெஃபர். மெருகிடாத, நுண்துளைகள் கொண்ட மண்கலத்தின் ஒருபுறம் காப்பர் சல்பேட் கரைசலையும் மறுபுறம் பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலையும் வைத்தார். இரண்டும் சந்தித்த இடத்தில் காப்பர் பெர்ரோசயனைடு மெல்லிய படலமாகப் படிந்தது. பிரிக்கும் பணியைப் படலம் செய்தது. அழுத்தத்தைக் கலத்தின் சுவர் தாங்கியது.

கலத்தில் சர்க்கரைக் கரைசலை நிரப்பி நீரில் அமிழ்த்தி, பாதரச அழுத்தமானியால் அளந்தார். ஒரு விழுக்காட்டுக் கரைசலே 535 மில்லிமீட்டர் பாதரச உயரத்திற்குரிய அழுத்தத்தைக் காட்டியது. செறிவு இருமடங்கானபோது அழுத்தமும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. இம்முடிவுகளை 1877இல் நூலாக வெளியிட்டார். அவ்வளவீடுகளைக் கொண்டே, நீர்த்த கரைசல்கள் வாயுக்களின் விதியைப் பின்பற்றுவதை வாண்ட் ஹாஃப் நிறுவினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கு வழங்கப்பட்டது.

அப்பரிசு பெஃபரை வந்தடையவில்லை. அவர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராகத் தம் பணியைத் தொடர்ந்தார்; பல நாட்டு மாணவர்கள் அவரை நாடி வந்தனர். முதல் உலகப் போரில் தம் ஒரே மகனை இழந்த அவர், 1920இல் மறைந்தார்.

இன்று எதிர் சவ்வூடு பரவல் முறையில் கடல்நீரைக் குடிநீராக்கும் கூட்டுச் சவ்வுகளிலும் அதே அமைப்பைக் காணலாம்: பிரித்தெடுக்க மெல்லிய பாலிஅமைடு படலம், அதைத் தாங்க நுண்துளை அடித்தளம். செடியைப் பற்றிய ஒரு வினாவிற்கு விடை தேடி, மண்கலத்தில் பெஃபர் கண்ட வழி அது.