சிரம்பான் தோட்டத்து டாக்டர்

மலாக்காவிலிருந்து தம்பின் வழியாகச் சிரம்பான் போகிற ரோட்டில் நம்மில் பலர் போயிருப்போம். அந்தச் சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில்தான் சுவாமி சிவானந்தர் ஏறக்குறைய ஏழு வருஷம் வேலை பார்த்தார். ரிஷிகேசத்துச் சாமி என்றால் எல்லாருக்கும் தெரியும். நம்ம தோட்டத்துச் சனங்களுக்கு மருந்து கொடுத்த டாக்டர் என்பது நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் குப்புசுவாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். படித்ததைத் தனக்குள்ளேயே பூட்டி வைக்கிற ஆள் இல்லை அவர். 1909-இல், வெறும் 22 வயசில், அம்மா கொடுத்த 100 ரூபாயைப் போட்டு, திருச்சியில் ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். நாலு வருஷம் நடத்தினார்.

1913-இல் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை கடல் தாண்டுவதே குற்றம் என்று பேசின காலம் அது. சைவச் சாப்பாடு கிடைக்குமோ என்னவோ என்று, அம்மா செய்து கொடுத்த பலகாரத்தைத் தின்றே வந்து சேர்ந்தாராம். கரை இறங்கும்போது பாதி உயிர்தான்.

அப்போதைய தோட்டம் எப்படி இருந்தது என்று நம்ம பாட்டன் பாட்டிமார் கதை கதையாய்ச் சொல்லியிருப்பார்கள். மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாகச் சனங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. வேலை கேட்டுப் போனவரிடம், தனி ஆளாக ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று துரை கேட்க, மூணு ஆஸ்பத்திரி கொடுத்தாலும் பார்ப்பேன் என்றாராம். இதைத் திமிர் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்னபடி வேலை செய்து காட்டினார். ஏழை நோயாளி குணமாகிக் கிளம்பும்போது, சத்தாகச் சாப்பிடச் சொல்லிக் கையில் காசும் கொடுத்து அனுப்புவார்.

பிறகு ஜொகூரில் மூணு வருஷம். நல்ல சம்பளம், நல்ல பேர். நாம் வெற்றி என்று சொல்கிற எல்லாம் இருந்தது.

அதற்குள் ஒரு புத்தகம் அவரை மாற்றியிருந்தது. மலாயாவில் அவர் உபசரித்த ஒரு சாது கொடுத்த வேதாந்த நூல் அது. அதைத் தொட்டு விவேகானந்தர், ராமதீர்த்தர், சங்கரர் என்று தேடித் தேடிப் படித்தார். பைபிளும் படித்தார். வாங்கி அடுக்கி வைக்கிற படிப்பு இல்லை, தம்பி. உடம்பு நோயை ஆற்றுகிறோம், மனசு நோய்க்கு என்ன மருந்து என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

1923-இல் எல்லாத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தோற்றுப்போனவன்தான் சாமியார் ஆவான் என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. இவர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனவர். எனக்கு இதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது. எல்லாரும் வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை!

1924 ஜூன் 1-ஆம் தேதி ரிஷிகேசத்தில் சந்நியாசம். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். 1963 ஜூலை 14-இல் சமாதியடைவதற்குள் 200-க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிவிட்டார். பால் வாங்கிக் குடிக்கச் சொல்லி ஒருவர் கொடுத்த 5 ரூபாயில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிய எழுத்து.

காவி கட்டியும் டாக்டர் வேலை போகவில்லை. பழைய இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்ததும், 1927-இல் லட்சுமண்ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத் போகிற யாத்திரிகர் ஒருவர் ஒருநாள் மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இதைவிட நல்ல மருந்து இருக்கிறதே என்று பிறகுதான் சாமிக்குத் தோன்றியது. மறுநாள் அந்த மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய், அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.