லைனஸ் பாலிங்கும் அப்பாவின் மாத்திரையும்

அப்பா தினமும் காலையில் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். சளி அண்டாதாம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடியபோதுதான் லைனஸ் பாலிங்கைப் பற்றி அறிந்தேன்.

1901இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். வேதிப்பிணைப்பு ஆய்வுக்காக 1954இல் வேதியியல் நோபல். அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக 1962ஆம் ஆண்டின் அமைதி நோபல். இரு நோபல்களையும் யாரோடும் பகிராமல் பெற்றவர் அவர் ஒருவரே!

1970இல் சளிக்கு வைட்டமின் சி நல்லது என்று நூல் எழுதினார். மாத்திரை விற்பனை எகிறியது. அவரும் தினமும் பல கிராம் உட்கொண்டார். பின்னர் புற்றுநோய்க்கும் அது உதவும் என்றார். மாயோ மருத்துவ நிலையம் 1979, 1985ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளில் பயன் தெரியவில்லை. அவர் அதை ஏற்கவில்லை. 1994இல், 93 வயதில், புரோஸ்டேட் புற்றுநோயால் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த ஆய்வுகள்தான் என்னைக் கலங்க வைத்தன. 2013இல் வெளியான சுவீடன் ஆய்வில், இம்மாத்திரை உட்கொண்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை கல் வந்திருக்கிறது.

சொன்னேன். இரண்டு நோபல் வாங்கியவரைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று சிரித்தார். இப்போது கொய்யாப்பழமும் சாப்பிடுகிறார். மாத்திரைப் புட்டி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.