ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான்

ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான் (1898 – 1984) அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளரும் காந்தியவாதியும் ஆவார். இந்திய விடுதலை இயக்கத்திடம் கொண்ட பரிவால், பிரித்தானிய ஆட்சியின்போது 1930இலும் 1944இலும் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தவர்.

தொடக்க வாழ்க்கை

கெய்த்தான் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தார். 1925இல் அமெரிக்க மதுரை மிசனின் பணியாளராக இந்தியா வந்தார். 1834இல் தொடங்கப்பட்ட இம்மிசன், சமவெளியின் வெப்பத்தாலும் நோய்களாலும் பணியாளர்கள் பாதிக்கப்பட்டதால், 1845இல் பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் வீடுகள் கட்டியது. மலைநகரான கொடைக்கானலின் தொடக்கம் இதுவே.

தங்கும் அனுமதியும் உறுதிமொழியும்

முதல் உலகப் போருக்குப் பின்னர், பிரித்தானியர் அல்லாத மறைப்பணியாளர்கள் இந்தியாவில் தங்குவதற்கு அரசு நிபந்தனைகள் விதித்தது. அரசுக்குக் கீழ்ப்படிவதாகவும் அரசியலில் ஈடுபடுவதில்லை என்றும் உறுதியளிக்க வேண்டும். அரசு அங்கீகரித்த பட்டியலில் இடம்பெற்ற மிசன்கள் தம் பணியாளர்களின் நடத்தைக்கும் பொறுப்பேற்றன. எனவே ஒருவர் மீது ஐயம் எழுந்தால், நீதிமன்ற விசாரணை இன்றியே, மிசன் வழியாக அவரை வெளியேறச் செய்ய இயன்றது.

முதல் வெளியேற்றம்

1930 மார்ச்சில், உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன், காந்தியின் கடிதத்தை அரசப் பிரதிநிதியிடம் கொண்டு சேர்த்தவர் ரெசினால்டு ரெனால்ட்சு என்னும் ஆங்கிலேயர். அவ்வாண்டில் மதுரைக்கு வந்த அவரைக் கெய்த்தான் விருந்தினராக ஏற்றார். இது குறித்து மாவட்ட நிருவாகம் மிசனிடம் முறையிட்டது. விருந்தோம்பலே அரசியல் செயலாகக் கொள்ளப்பட்டு, கெய்த்தான் நாடு திரும்ப நேர்ந்தது.

இரண்டாம் வெளியேற்றம்

1930களில் மீண்டும் இந்தியா வந்த கெய்த்தான், பெங்களூரின் ஏழை மக்களிடையே பணியாற்றினார். பின்னாளில் நில உரிமைப் போராளியாக அறியப்பட்ட சங்கரலிங்கம் ஜெகந்நாதன் அங்கு அவருடன் பணி செய்தார். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேசிய இயக்கத்தினரிடம் அவர் காட்டிய பரிவை அரசு ஏற்கவில்லை. 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார்.

விடுதலைக்குப் பின்

ஆட்சி மாறியதும் தடை விலகியது. 1947இல் திரும்பிய கெய்த்தான், அவ்வாண்டு டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமத்தின் தொடக்கக் காலப் பணிகளில் பங்கேற்றார். கொடைக்கானல் மலைச்சாலையின் அடிவாரத்திலுள்ள வத்தலக்குண்டுப் பகுதியில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஆகியோருடன் கிராமப் பணியிலும் ஈடுபட்டார். எந்த ஈடுபாட்டுக்காக இருமுறை வெளியேற்றப்பட்டாரோ, அதே ஈடுபாடே விடுதலை பெற்ற இந்தியாவில் அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.